இலவச வக்கீல் கேட்டால் உண்மையிலேயே கிடைக்குமா?

குழுத்தலைவி

வணக்கம். திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் மகளிர் குழுவில் இருக்கும் ஒரு பெண்ணுக்காகக் கேட்கிறேன். வயது 31, இரண்டு பிள்ளைகள். கணவர் லாரி ஓட்டுகிறார். ஒன்றரை வருடமாக வேறு ஊரில் இன்னொரு குடும்பத்தோடு இருக்கிறார், வீட்டுக்குக் காசு அனுப்புவதில்லை. மாமியார் வீட்டில் இருந்தவளை ஆவணியில் வெளியே அனுப்பிவிட்டார்கள். போட்டு வந்த நகையைக்கூட எடுக்கவிடவில்லை. இப்போது அம்மா வீட்டில் ஒரே அறையில் ஐந்து பேர். போலீஸில் எழுதிக் கொடுத்தோம், இரண்டு பக்கமும் உட்காரவைத்துப் பேசி அனுப்பிவிட்டார்கள். ஒரு வக்கீலைப் பார்த்தோம். 40,000 ஆகும், பாதியை முன்பணமாகக் கொடுங்கள் என்றார். அவள் மில்லில் வாங்குவது மாதம் 9,000.

கோர்ட்டில் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள் என்று யாரோ சொன்னார்கள். அதற்கு வருமானச் சான்றிதழ் வேண்டும் என்று இன்னொருவர் சொல்ல, அவள் லீவு போட்டுவிட்டு இ-சேவை மையத்துக்கு அலைந்துகொண்டிருக்கிறாள். உண்மையிலேயே கிடைக்குமா? கிடைத்தாலும் அந்த வக்கீல் வேலை பார்ப்பாரா?

வராண்டா வக்கீல்

முதலில் அந்த அலைச்சலை நிறுத்தச் சொல்லுங்கள் அம்மா. வருமானச் சான்றிதழ் தேவையே இல்லை.

சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987-ன் 12-ஆம் பிரிவில் யார் யாருக்கு இலவச சட்ட உதவி என்று பட்டியல் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள், போலீஸ் காவலிலோ சிறையிலோ இருப்பவர்கள், ஆள்கடத்தலுக்கும் கொத்தடிமைக்கும் ஆளானவர்கள், வெள்ளம், நிலநடுக்கம், சாதி வன்கொடுமை போன்றவற்றில் பாதிக்கப்பட்டவர்கள். இவர்கள் யாருக்கும் வருமான வரம்பு கிடையாது. மாதம் லட்ச ரூபாய் சம்பாதிக்கும் பெண்ணும் கேட்கலாம். இந்தப் பட்டியலில் வராதவர்களுக்குத்தான் வருமானக் கணக்கு. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அவர்களும் வருமானத்தைக் குறித்து ஒரு உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால் போதும் என்று 13-ஆம் பிரிவே சொல்கிறது. தாசில்தார் சான்றிதழ் இருந்தால்தான் ஆயிற்று என்று மேசையில் இருப்பவர் சொன்னால் அந்தப் பிரிவைக் காட்டுங்கள்.

போக வேண்டிய இடம் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. அவள் தாலுகாவில் கோர்ட் இருந்தால் அங்கேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும், திண்டுக்கல் வரைக்கும் பஸ் ஏற வேண்டாம். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம்.

நொந்தவன்67

எல்லாம் பேப்பரில் நன்றாகத்தான் இருக்கும். என் தங்கைக்கு இப்படி ஒரு இலவச வக்கீல் கொடுத்தார்கள். முதல் நாள் வக்காலத்தில் கையெழுத்து வாங்கினார். அப்புறம் ஃபோன் எடுக்கவே மாட்டார். வாய்தாவுக்குப் போனால் ஜூனியர் நிற்பார், அவருக்கு வழக்கு என்னவென்றே தெரியாது. நடுவில் டைப்பிங் செலவு, குமாஸ்தா செலவு என்று 3,500 வாங்கிக்கொண்டார். கடைசியில் கடன் வாங்கி வேறு வக்கீல் வைத்தோம். ஓசியில் வரும் மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள், அது இங்கே பொருந்தாது. பல்லைப் பிடித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

வராண்டா வக்கீல்

நொந்தவன் சொல்வது நடக்காத விஷயம் இல்லை. நானே ஆணைக்குழுவின் வக்கீல் பட்டியலில் இருக்கும் வக்கீல்தான், அதனால் உள்ளே இருந்தே சொல்கிறேன். ஆணைக்குழு எங்களுக்குக் கொடுக்கும் தொகை குறைவு, அதுவும் வழக்கின் கட்டத்துக்கு ஏற்பத் தவணையாக வரும். சொந்தக் கட்சிக்காரர் வழக்கும் இலவச வழக்கும் ஒரே நாளில் இரண்டு கோர்ட்டில் வந்தால் சிலர் எங்கே போய் நிற்பார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. சிலர் இதை உயிராக நினைத்துச் செய்கிறார்கள். பட்டியலில் இருவரும் கலந்துதான் இருக்கிறோம்.

ஆனால் 3,500 வாங்கியது தவறு மட்டுமல்ல, விதிமீறல். இலவச சட்ட உதவி பெறுபவரிடம் பட்டியல் வக்கீல் ஒரு பைசா கேட்கக் கூடாது, கொடுத்தாலும் வாங்கக் கூடாது. கோர்ட் கட்டணம், சம்மன் கட்டணம், மனு தயாரிக்கும் செலவு, தீர்ப்பு நகல், எல்லாம் ஆணைக்குழு பொறுப்பு. கேட்டால் செயலாளருக்கு எழுதிக் கொடுங்கள். அவர் சார்பு நீதிபதி நிலையில் இருக்கும் நீதித்துறை அதிகாரி, தலைவர் முதன்மை மாவட்ட நீதிபதி. பட்டியலில் இருந்து பெயரை எடுக்கும் அதிகாரம் அவர்கள் கையில். வக்கீலை மாற்றிக் கொடுங்கள் என்றும் கேட்கலாம். தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் 2010 ஒழுங்குமுறைகளின்படி இந்த வழக்குகளைப் பின்தொடர்ந்து பார்க்க ஒரு கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும். அந்தப் பெயரை மனுவில் குறிப்பிட்டாலே கொஞ்சம் வேகம் வரும்.

மேசைக்கு அந்தப் பக்கம்

நான் சட்டத் தன்னார்வலர், விழுப்புரம் பக்கம். மனு கொடுக்க வருபவர்களை முதலில் பார்ப்பது எங்களைப் போன்றவர்கள்தான். அக்கா, போனால் என்ன நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன், பயம் குறையும்.

மாற்றுமுறைத் தீர்வு மையம் என்று போர்டு போட்ட தனிக் கட்டடம் கோர்ட் வளாகத்தில் இருக்கும். உள்ளே முன் அலுவலகத்தில் ஒரு தன்னார்வலரும் ஒரு வக்கீலும் இருப்பார்கள். எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொன்னால் போதும், நாங்கள் எழுதிக்கொள்வோம். பெரும்பாலான பெண்கள் கதையைக் கல்யாணத்தில் இருந்து ஆரம்பிப்பார்கள். அதில் தப்பில்லை, ஆனால் எழுதுகிறவருக்கு வேண்டியது நாலு விஷயம்: எப்போது கல்யாணம், எப்போது வெளியே அனுப்பினார்கள், கணவர் எங்கே என்ன வேலை பார்க்கிறார், உங்களுக்கு என்ன வேண்டும். கடைசிக் கேள்விக்குத்தான் பாதிப் பேர் திணறுவார்கள். "அவனை உள்ளே தள்ளணும்" என்று ஆரம்பித்து, பேசப் பேச "பிள்ளைங்க ஃபீஸு கட்டணும், என் நகை வேணும்" என்று வந்து நிற்பார்கள். இரண்டுக்கும் போகும் கோர்ட் வேறு, கேட்கும் மனு வேறு. அதனால் வீட்டிலேயே உட்கார்ந்து பேசி முடிவுசெய்துகொண்டு வாருங்கள்.

மனு மீது 7 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம். ஏற்றுக்கொண்டால் வக்கீல் பெயரும் ஃபோன் நம்பரும் போட்டு நியமன உத்தரவு வரும். அந்தத் தாளை ரேஷன் கார்டு மாதிரி பத்திரமாக வையுங்கள். நாளைக்குப் புகார் சொல்ல வேண்டுமென்றால் அதுதான் ஆதாரம்.

வழக்கு தாக்கல் ஆனதும் வக்கீலிடம் சி.என்.ஆர். எண், அதாவது அந்த வழக்குக்கென்று உள்ள தனி அடையாள எண், கேட்டு வாங்குங்கள். டி.என். என்று தொடங்கும் 16 இடம் கொண்ட எண். இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா எப்போது, போன வாய்தாவில் என்ன நடந்தது என்று தெரிந்துவிடும். வக்கீல் ஃபோன் எடுக்கவில்லை என்ற கவலையில் பாதி போய்விடும். நொந்தவன் அண்ணன் தங்கைக்கு இதை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

நொந்தவன்67

சொல்லவில்லை. செயலாளரிடம் எழுதிக் கொடுக்கலாம் என்பதும் இன்றைக்குத்தான் தெரியும்.

வராண்டா வக்கீல்

குழுத்தலைவி அம்மா, அந்தப் பெண்ணின் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இரண்டு மனு தெரிகிறது.

ஒன்று, குடும்ப வன்முறைச் சட்டம் 2005-ன்படி நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்தில். அடித்தால்தான் வன்முறை என்று நினைக்க வேண்டாம். செலவுக்குக் காசு கொடுக்காமல் விடுவது, நகையைப் பிடித்துவைப்பது, வீட்டைவிட்டு அனுப்புவது எல்லாம் பொருளாதார வன்முறை என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. ஒரே மனுவில் குடியிருக்க இடம், மாதச் செலவு, நகையைத் திருப்பித் தருவது, மூன்றையும் கேட்கலாம். "வீடு மாமியார் பெயரில் இருக்கிறது, உனக்கென்ன பாத்தியதை" என்று கேட்பார்கள். 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது: மாமனார் மாமியார் பெயரில் இருந்தாலும் மருமகள் குடும்பமாக வாழ்ந்த வீடு என்றால் அங்கே குடியிருக்க உரிமை கோரலாம். சொத்தில் பங்கு இல்லை, வசிக்கும் உரிமை. இந்த வித்தியாசத்தை அவளிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

இரண்டு, ஜீவனாம்சம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125, இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 144-ஆம் பிரிவு. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கேட்கலாம்.

இரண்டையும் அவள் இப்போது இருக்கும் ஊர் கோர்ட்டிலேயே போடலாம், கணவர் ஊருக்கு ஓட வேண்டாம். குடும்ப வன்முறை மனுவை 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நடப்பில் அப்படி முடிந்து நான் அதிகம் பார்த்ததில்லை. அதனால் இடைக்கால உத்தரவு கேட்கச் சொல்லுங்கள், வழக்கு முடியும்வரை மாதாமாதம் ஏதாவது வரும்.

இன்னொன்றை அவசரமாகச் சொல்ல வேண்டும். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேகா வழக்கில், ஜீவனாம்சத்தை மனு போட்ட தேதியிலிருந்து கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அவள் பணம் போகிறது. அந்த ஒன்றரை வருடம் போனது போனதுதான், இனிமேலாவது விடாதீர்கள். அதே தீர்ப்பில், இருவரும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்றும் இருக்கிறது. லாரி ஓனரிடம் என்ன சம்பளம் என்று அவர் மறைத்தால் அங்கே பிடிக்கலாம்.

உத்தரவு வந்தும் கொடுக்கவில்லை என்றால் நிறைவேற்று மனு. பாக்கி சேர்ந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். நல்ல தீர்ப்பை வாங்கிக்கொண்டு இந்தத் தேதியைத் தவறவிட்டவர்கள் நிறைய.

பனியன் சிட்டி

குறுக்கே கேட்கிறேன், மன்னிக்கவும். திருப்பூரில் எங்கள் யூனிட்டில் ஒடிசா பையன்கள் பத்துப் பேர் இருக்கிறார்கள். ஒருவனுக்கு மெஷினில் விரல் போய்விட்டது, வேலையை விட்டும் நிறுத்திவிட்டார்கள். இங்கே ரேஷன் கார்டோ ஓட்டோ இல்லாதவனுக்கு இந்த உதவி உண்டா?

வராண்டா வக்கீல்

உண்டு. எந்த ஊர்க்காரர் என்று சட்டம் பார்ப்பதில்லை, வழக்கு எங்கே என்றுதான் பார்க்கும். தொழிலாளி என்ற வகையிலேயே அவர் தகுதி உள்ளவர், விரல் போனதைத் தனியாகக் காட்ட வேண்டியதில்லை. சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்தார்களா என்று முதலில் பாருங்கள். பிடித்திருந்தால் ஒரு வழி, இல்லையென்றால் முதலாளியிடம் இழப்பீடு கேட்கும் வழி. ஆஸ்பத்திரி சீட்டையும், கம்பெனியில் வேலை பார்த்ததற்கு வாட்ஸாப் மெசேஜ், ஜி-பே சம்பளம், எது இருந்தாலும் அதையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அவன் ஊருக்கு ரயில் ஏறிவிட்டால் கதை முடிந்தது.

ஓய்வுபெற்ற வாத்தியார்

பெரியவர்கள் விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் ஒரு நண்பர், வயது 74. வீட்டை மகன் பெயருக்கு தான செட்டில்மென்ட் எழுதிக்கொடுத்தார். பத்திரம் பதிவான மூன்றாம் மாதம் சாப்பாட்டுத் தட்டு திண்ணைக்கு வந்துவிட்டது. வக்கீல் வைக்க வேண்டும் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் வக்கீலே வேண்டாம் என்று நான் படித்திருக்கிறேன். சரிதானா?

வராண்டா வக்கீல்

சரிதான் ஐயா. மனு போவது கோர்ட்டுக்கு இல்லை, கோட்டாட்சியர் தலைமையில் இருக்கும் தீர்ப்பாயத்துக்கு. வக்கீல் வைத்து வாதாட அங்கே இடமில்லை என்று 17-ஆம் பிரிவு சொல்கிறது. மனு எழுத மட்டும் சட்டப் பணிகள் குழு உதவும். மாதம் 10,000 வரை பராமரிப்புத் தொகை உத்தரவு போடலாம்.

செட்டில்மென்ட் ரத்து 23-ஆம் பிரிவு. என்னைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற வரி பத்திரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேலை சுலபம். இல்லையென்றால் கஷ்டம், ஆனால் கதவு முழுக்கச் சாத்தப்படவில்லை. 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில், இது முதியவர்களைக் காக்க வந்த சட்டம், தாராளமாகத்தான் பொருள்கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அங்கே மகன் தனித் தாளில் எழுதிக்கொடுத்த உறுதிமொழி அம்மாவுக்குக் கைகொடுத்தது. உங்கள் நண்பரிடம் அப்படி ஏதாவது தாள், மெசேஜ் இருக்கிறதா என்று கேளுங்கள். 14567 முதியோர் உதவி எண், அங்கேயும் வழி சொல்வார்கள்.

இனி எழுதிக்கொடுக்கப் போகிறவர்கள் அந்த ஒரு வரியைச் சேர்க்காமல் பதிவு அலுவலகப் படி ஏறாதீர்கள். பத்திர எழுத்தர் "எதுக்குங்க, சொந்தப் பிள்ளைதானே" என்பார்.

கிழக்குத் தெரு

வன்கொடுமை வழக்கு பற்றி ஒரு சந்தேகம். எங்கள் பக்கம் ஒரு பையனைக் கோயில் திருவிழாவில் அடித்துவிட்டார்கள். கையில் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்பினார்கள். எஃப்.ஐ.ஆர். போடவில்லை. இதற்கும் இலவச வக்கீல் உண்டா?

மேசைக்கு அந்தப் பக்கம்

உண்டு தம்பி, சாதிச் சான்றிதழ் நகல் போதும். சி.எஸ்.ஆர். என்பது மனு வாங்கியதற்கு ரசீது, அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு நிவாரணம் கேட்க முடியாது. எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் புகாரை அனுப்புங்கள், தபால் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் அசையவில்லை என்றால் பி.என்.எஸ்.எஸ். 175(3)-ன்படி நடுவரிடம் மனு போடலாம். அந்த மனுவுக்குத்தான் வக்கீல் தேவைப்படும், அதைச் சட்டப் பணிகள் குழுவில் கேளுங்கள்.

எஃப்.ஐ.ஆர். விழுந்தால் நிவாரணத் தொகை தனி. தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பல குற்றங்களில் எஃப்.ஐ.ஆர். கட்டத்திலேயே கால் பங்கு, குற்றப்பத்திரிகையின்போது பாதி என்று வரும். சாட்சி சொல்லப் போகும் பயணச் செலவும் சாப்பாட்டுச் செலவும் விதிப்படி அரசு கொடுக்க வேண்டும். இதைக் கேட்டு வாங்குபவர்கள் குறைவு. 14566, வன்கொடுமைத் தடுப்பு உதவி எண், அதையும் குறித்துக்கொள்.

நொந்தவன்67

எல்லாரும் நல்லபடியாகப் பேசுகிறீர்கள், நான் ஒரு எச்சரிக்கை சொல்கிறேன். மக்கள் நீதிமன்றம் என்று கூப்பிடுவார்கள். என் மைத்துனர் விபத்து வழக்கில் இன்சூரன்ஸ்காரர்கள் ஒரு தொகை சொன்னார்கள். "இன்றைக்கே செக், இல்லையென்றால் இன்னும் அஞ்சு வருஷம்" என்று சுற்றி நின்று எல்லாரும் சொல்ல, கையெழுத்துப் போட்டுவிட்டார். அப்புறம் கணக்குப் போட்டால் பாதிகூட இல்லை. மேல்முறையீடும் இல்லை என்றுவிட்டார்கள்.

வராண்டா வக்கீல்

இந்த எச்சரிக்கை தேவையானது. மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாகி உத்தரவு வந்தால் அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. முதலில் சொன்ன 1987 சட்டத்தின் 21-ஆம் பிரிவு. கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்பது நல்ல விஷயம். ஆனால் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. "வேண்டாம்" என்றால் வழக்கு பழையபடி கோர்ட்டுக்கே திரும்பிப் போகும், எந்த நஷ்டமும் இல்லை. தொகையை எழுதி வாங்கிக்கொண்டு வெளியே வந்து, வீட்டில் விவரம் தெரிந்த ஒருவரிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று கேளுங்கள். எழுத்தைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

குழுத்தலைவி அம்மா, உங்கள் பெண்ணுக்கும் இதே பேச்சு வரும். "சேர்ந்து வாழ்கிறேன்" என்று கணவர் ஒரு நாள் வந்து நிற்பார், வழக்கை வாபஸ் வாங்கச் சொல்வார்கள். போக வேண்டுமா என்பது அவள் முடிவு. போவதாக இருந்தாலும் வாபஸ் வாங்காமல், நிபந்தனைகளை எழுதிப் பதிவுசெய்துகொண்டு போகட்டும்.

மேசைக்கு அந்தப் பக்கம்

இந்த இடத்தில் நான் வக்கீல் சாரோடு கொஞ்சம் மாறுபடுகிறேன். எல்லாச் சமரசமும் அமுக்கல் இல்லை. கூலிக்குப் போகும் பெண் வாய்தாவுக்கு வாய்தா ஒரு நாள் சம்பளத்தை இழக்கிறாள், பஸ் காசை ஆணைக்குழு தராது. மாதம் 6,000 உறுதியாகக் கைக்கு வருவதும், மூன்று வருடம் கழித்து 8,000 உத்தரவாக வருவதும் ஒன்றல்ல. எங்கள் மேசைக்கு வந்தவர்களில் சமரசத்தால் நிம்மதியானவர்களும் உண்டு. ஆனால் தொகை அவள் வங்கிக் கணக்குக்கு நேராக வர வேண்டும், தேதி போட்டிருக்க வேண்டும். "மாமா கையில் கொடுத்தனுப்புகிறேன்" என்ற வாக்குறுதியெல்லாம் இரண்டு மாதம்தான்.

வராண்டா வக்கீல்

அதில் எனக்கு மறுப்பில்லை.

தேனிக்காரன்

ஒரு வரி. சிறையில் இருப்பவர்களுக்கும் உண்டு என்றீர்கள். என் சித்தப்பா மகனுக்கு ஜாமீன் கிடைத்தும் ஷூரிட்டிக்கு ஆள் இல்லாமல் உள்ளேயே இருக்கிறான்.

வராண்டா வக்கீல்

ஜாமீன் உத்தரவு வந்து 7 நாளில் வெளியே வரவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. அவர்கள் தெரிவிக்கட்டும் என்று காத்திருக்காமல், உத்தரவு நகலோடு நீங்களே செயலாளரைப் பாருங்கள். ஷூரிட்டி நிபந்தனையைத் தளர்த்த மனு போட வைப்பார்கள்.

குழுத்தலைவி

எல்லாருக்கும் நன்றி. அவளிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். என்ன வேண்டும் என்று கேட்டேன்: அந்த வீட்டுக்குத் திரும்பப் போக மாட்டேன், நகையும் பிள்ளைகள் செலவும் வேண்டும் என்றாள். திங்கட்கிழமை தாலுகா கோர்ட்டுக்குப் போகிறோம். என்னென்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும்? கல்யாணத்தைப் பதிவுசெய்யவில்லை, கோயிலில் நடந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம்

பதிவு இல்லாவிட்டால் கல்யாணப் பத்திரிகை, ஃபோட்டோ, கோயில் ரசீது இருந்தால் அது. இருவர் பெயரும் உள்ள பழைய ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் (அதில் அப்பா பெயர் இருக்கும், அதுவே பெரிய சாட்சி), ஸ்கூல் ஃபீஸ் ரசீது. போலீஸில் கொடுத்த மனுவின் ரசீது. நகைக்குக் கடை பில் இல்லையென்றால் கல்யாண ஃபோட்டோவில் கழுத்தும் கையும் தெரிகிற படத்தைத் தேடி எடுங்கள், எத்தனை பவுன் என்று அவள் அம்மாவை எழுதித் தரச் சொல்லுங்கள். கணவர் ஓட்டும் லாரியின் நம்பர் தெரிந்தால் மிக நல்லது, ஓனரைக் கண்டுபிடிக்கலாம். எல்லாவற்றிலும் இரண்டு நகல். ஒரிஜினலை யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம், காட்டினால் போதும். காலை பத்தரைக்குள் போய்விடுங்கள், பதினொன்றுக்கு மேல் வக்கீல்கள் கோர்ட்டுக்குள் போய்விடுவார்கள்.

குழுத்தலைவி

லாரி நம்பர் அவள் பெரிய பையனுக்கு மனப்பாடம். எழுதி வாங்கிவிட்டேன்.